ஐந்தரை அங்குலம்

இலை அள்ளுகிறேன் என்று ஏணியில் ஏறி
கூரைக் குழாயோடு கீழே வந்தார் நெவில்.
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
பச்சை நிறம். அவரே கேட்டு வாங்கியது.

முதல் ஞாயிறு
தட்டில் மாட்டிறைச்சி மூன்று துண்டு,
வறுத்த உருளை, கேரட், பட்டாணி,
ஓரத்தில் கடையில் வாங்கிய யார்க்‌ஷயர் புட்டிங்,
அதன் குழியில் தளும்பும் கிரேவி.
இடது கையால் கத்தியை அழுத்தினார்.
இறைச்சி வழுக்கி மேசைவிரிப்புக்குப் போனது.
"நறுக்கித் தரட்டுமா?" என்றேன்.
நாற்பது பேரோடு பேருந்தை
ஹாலிஃபாக்ஸ் சரிவில் உறைபனியில் இறக்குகிறவர்
என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!
பசியில்லை என்று எழுந்து போனவரை
இரவு ஒன்பது மணிக்கு
ரொட்டிப் பெட்டியருகே
கையும் களவுமாகப் பிடித்தாள் மகள் ஃபெர்ன்.

அடுத்த ஞாயிறுக்கு நான் முடிவு செய்துவிட்டேன்.
கத்தி வேண்டாம், முள்கரண்டி வேண்டாம்.
கைக்கு எட்டியது வாய்க்கும் எட்ட
மிச்சமிருக்கும் ஒரு கை போதும்.

புட்டிங் எங்கள் வீட்டில் நெவிலின் ராஜாங்கம்.
மாவும் முட்டையும் பாலும் அவர் அடித்தால்தான் உண்டு.
தட்டில் கொழுப்பு புகையும்வரை பொறுத்து
மாவை ஊற்றி அடுப்பைச் சாத்தி
எதிரே முக்காலி போட்டு உட்கார்வார்.
இருபத்தைந்து நிமிடம் யாரும் கதவைத் திறக்கக் கூடாது,
தும்மக்கூடக் கூடாது.
உப்பி எழுந்ததை
ஃபெர்னின் பள்ளி அளவுகோலால் அளந்து
நாட்காட்டியில் குறிப்பார்.
ஐந்து அங்குலம். இரண்டு வருடம் முன்பு, ஒரு பிப்ரவரியில்.
அதற்குமேல் ஒருநாளும் ஏறவில்லை.

அன்று நான் அடித்தேன்.
அவர் கூடத்தில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தார்,
தோற்கிற அணியைத் திட்டிக்கொண்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
மெதுவாக எழுந்தது அது.
விளிம்பைத் தாண்டி, மேல்கம்பியை முட்டி,
பொன்னிறமாய், திமிராய்,
இன்னும் எழுந்தது.
அளவுகோலை எடுத்தேன்.
ஐந்தரை.
சமையலறையில் யாருமில்லை.
பூனை இருந்தது. அதற்கு அங்குலம் தெரியாது.

சலவைத் துண்டு ஒன்றை மேலே விரித்து
உள்ளங்கையை வைத்தேன்.
உஸ்ஸென்று மூச்சு விட்டுப் படுத்தது.

நான்காக வெட்டி, சூடு ஆறுமுன் கடுகு தடவி,
இறைச்சியை மெல்லிசாக அடுக்கி,
ஓடப் பார்த்த பட்டாணியை
நசுக்கிய உருளைக்குள் சிறைவைத்து,
பாயைப்போல் சுருட்டி
கீழ்ப்பாதிக்கு வெண்ணெய்த்தாள் சுற்றினேன்.
கிரேவி தேநீர்க் குவளைகளில்,
முக்கித் தின்ன.

மேசையில் கத்தியைக் காணாமல்
"பிக்னிக்கா அம்மா?" என்றான் ஜார்விஸ்.
நெவில் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"புட்டிங் எழவில்லையா?"
குரலில் இரக்கம். கொஞ்சம் நிம்மதியும்.
"எங்கே," என்றேன்,
"உங்கள் கைப்பக்குவம் எனக்கு வருமா?"

அதன்பின் பேச்சில்லை.
பச்சைக் கையை மடியில் கிடத்திவிட்டு
கடித்தார், முக்கினார், மறுபடி கடித்தார்.
முழங்கைவரை வழிந்த கிரேவிக்கு
யாரும் துணி தேடவில்லை.
தேன் எடுத்தவன் மட்டும்தானா புறங்கையை நக்குவான்?
ஃபெர்ன் நக்கினாள். ஜார்விஸ் நக்கினான்.
நானும்.
மாவுக்கட்டின் ஓரத்தில் பழுப்பாய் ஒரு கறை.
எலும்பு மருத்துவர் கேட்டால் என்ன சொல்வதோ!

கட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது.
"இன்றைக்கும் சுருட்டலாமா?" என்று
ஞாயிறு காலையில் அவரே கேட்கிறார்.
அவரே அடிக்கிறார், அளக்கிறார்.
நாலரை. நாலே முக்கால்.
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு
அவரே நசுக்குகிறார்.

அக்டோபர் தாளின் பின்பக்கம்
பென்சிலில், சின்னதாக,
ஓர் எண் இருக்கிறது.
வருடம் முடிந்ததும் நாட்காட்டியைக் கழற்றுவது
இந்த வீட்டில்
என் வேலை.