தோளும் தோலும்

ஆண்டவரே, இது செப நேரம் அல்ல.
சாவி என்னிடம் இருக்கிறது, வந்துவிட்டேன்.
சிலோவே மழை வழக்கம்போல் பக்கவாட்டில் அடிக்கிறது;
குடை விரிப்பவரை இங்கே வெளியூர் என்பார்கள்.

குருவானவர் ஆண்டுக்கு இரண்டு முறை படகில் வருவார்.
மற்ற நாளெல்லாம் நான்தான்,
ஓர்ஃபெலினா, பதினேழு ஆண்டாக
இந்த மரக்கோவிலில் செபம் நடத்தும் ஃபிஸ்கால்.
இறந்தவர் முன்னால் நின்று இளைப்பாற்றி வேண்டுபவள்,
புயல் ராத்திரியில் பிறந்த நீலக் குழந்தைக்கு
சமையல் கிண்ணத்தில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியவள்.
என் குரல் தடுமாறினால் ஊர் தடுமாறும்.
அதனால்தான் தடுமாறுவதற்கு
ஆளில்லா நேரமாகப் பார்த்து வந்தேன்.

முதலில் வேலை.
பெரிய வெள்ளிக்கு ஒன்பது நாள் இருக்கிறது.
சிலுவையிலிருந்து உம்மை இறக்கும்போது கை மடங்க வேண்டும்.
போன வருஷமே இடது தோளின் தோல் கிழிந்து
ஆணியில் தொங்கியது.
நிக்கதேமுவாக ஏணியில் நின்ற தச்சர் பாஸ்குவால்
தன் முதுகால் மறைத்தார்.
யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இதோ புதுத் தோல். புதிது என்றால்,
ரோசமெல் பந்தாடிய காலத்துப் பூட்ஸின் நாக்கு.
அவனுக்கு இனி வேண்டாம்.

உமக்குத் தெரியும் என்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.
சால்மன் கூண்டின் அடிவலையில்
செத்த மீனைப் பொறுக்க முப்பது மீட்டர் இறங்குவான்,
ஒரு நாளில் நாலு தடவை, ஐந்து தடவை.
மேலே வர அவகாசம் கேட்டால் மேஸ்திரி கடிகாரத்தைக் காட்டுவான்.
இப்போது இடது தோளுக்குள் எலும்பு செத்துவிட்டதாம்.
காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்:
அலை அரித்த கரை மாதிரி இருந்தது.
ஆள் உயிரோடிருக்க எலும்பு மட்டும் எப்படி முந்திக்கொண்டது?
காத்திருப்போர் பட்டியலில் இருநூற்றுப் பதினான்காவது ஆள்.
கம்பெனி ஒப்பந்தக்காரனைக் கேள் என்கிறது,
ஒப்பந்தக்காரன் போனை எடுப்பதில்லை.
முப்பத்தொரு வயது. காலையில்
நான் தலைவாரி விடுகிறேன். அவன்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நேற்று மாலை செபத்தில்
“உம் திருவுளம்” வரை வந்தேன்.
அதற்குமேல் வாய் வரவில்லை.
இருமல் வந்தவள்போல் இருமினேன்.
மீதியை ஊரே சொல்லி முடித்தது,
பல்லில்லாத தோன் எலேசியோ மட்டும் ஒரு சொல் பிந்தி.
அவர்கள் அதை எங்கே வைத்திருந்தார்கள்,
என்னிடம் தீர்ந்துபோன பிறகும்?

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்.
கோபித்தாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு பதில்தான்.
போன மாதம் மெர்செதஸின் கணவரைப் புதைத்தபோது
நித்திய வாழ்வைப் பற்றி
படகு நேர அட்டவணை வாசிப்பதுபோல் வாசித்தேன்.
அவள் என் கையைப் பிடித்து, தெம்பு வந்தது என்றாள்.
வீட்டுக்குப் போய் விறகடுப்பின் முன்னால்
இரவெல்லாம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன்.
பேசும் வாய் நான், நம்பும் காது அவள்;
நடுவில் நீர் இருந்தீரா?
இல்லாமலே அது நடந்ததா?

நூலை மெழுகில் இழுத்து ஏழு தையல் போட்டாயிற்று.
சரிபார்க்க உம் கையைத் தூக்கினேன்.
மடங்கியது. தோல் கிறீச்சிட்டது.
பிறகு பிடி நழுவி
அந்த சைப்ரஸ் மரக் கை முழு எடையோடு
என் கழுத்தின் பின்னால் விழுந்தது.

அணைப்பு என்று சொல்லமாட்டேன்.
தையல் இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான்.
ஆனால் உடனே எடுத்துவிடவும் இல்லை.
கூரை ஓட்டில் மழை நின்று மறுபடி தொடங்கும்வரை
அப்படியே இருந்தேன்,
பாரம் தாங்கிப் பழகிய கழுத்து.

அவனுடைய தோளைத் தாரும்.
பட்டியலில் நூறு பேரையாவது தாண்டவிடும்;
இல்லை, அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.
எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தாரும்.

ஆமென் சொல்லாமல் பூட்டுகிறேன்.
ஊசியை உம் காலடியில் விட்டிருக்கிறேன்.
வலது தோளும் லேசாகப் பிரிந்திருக்கிறது,
நாளைக்கு வரவேண்டும்.