இலைக்கு மேல் நீட்டிய கை

வியாழன் மாலை ஆறரை, சாட்ஸ்வொர்த்.
நூலக மாடியில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
பதினோரு பெண்கள் நின்றோம்,
பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்க்கும் குபேந்திரனும்.
அவருக்கு வெட்கம். கதவை விட்டு நகரவில்லை.

ஸின்லேவுக்கு இருபத்தாறு வயது.
மாலில் காவல் உடுப்போடு நான்கு வருடம் நின்றவள்.
குத்தச் சொல்லித் தருவாள் என்று
வளையலைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன்.
அவள் என் செருப்பைப் பார்த்தாள்.
"இதில் ஓட முடியுமா?"

ஓட்டம் முதல் பாடம்.
அடுத்தது, கொடுத்துவிடுவது.
பை, போன், கார் சாவி,
கேட்பதற்கு முன்பே, கண்ணைப் பார்க்காமல்.
கோகிலம் கேட்டாள்: "தாலியுமா?"
அறை அமைதியானது.
தாலி என்றால் என்னவென்று யாரோ விளக்கினார்கள்.
ஸின்லே யோசித்தாள்.
"அறுந்தால் திரும்பக் கட்ட முடியுமென்றால்
கொடுத்துவிடுங்கள்."

என் தம்பி சிவலிங்கம் கொடுக்கவில்லை.
எட்டு வருடமாகிறது.
அந்த போன் எங்கள் வீட்டு டிராயரில் இருக்கிறது,
சார்ஜர் சுற்றியபடி.
இதை நான் அங்கே சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் குரல்.
அவள் தன் ஸூலுவில் ஒரே ஒரு அசை கத்தினாள்,
ஜன்னல் அதிர்ந்தது.
இப்போது உங்கள் மொழியில், என்றாள்.
பள்ளித் தமிழையும் கோயில் தமிழையும் துழாவினேன்.
'வேண்டாம்' தவிர எதுவும் அகப்படவில்லை.
அதையும் நாங்கள் சொல்லிப் பழகிய இடம் பந்தி.
புரட்டாசிச் சனிக்கிழமை
மூன்றாம் முறை சோறு வரும்போது
இலைக்கு மேல் கையை விரித்து
உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து
சிரித்தபடி.

கேலியாகத்தான் செய்து காட்டினேன்.
எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.
என் மணிக்கட்டைப் பிடித்து
நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள்.
"இதேதான். விரல் இப்படியே இருக்கட்டும்.
கால் பின்னால் போகட்டும்.
சிரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்."

ஐம்பத்து மூன்று வருடச் சிரிப்பு.
ஒரு மாலையில் வரவில்லை.

ஜூலையில் ஒரு நாள் கணக்கு முடிக்க இரவாகிவிட்டது.
ஹிக்கின்சன் ஹைவேயை விட்டு இறங்கும்போது
கண்ணாடியில் ஒரு வெள்ளை போலோ.
போக்குவரத்து விளக்குக்கு எங்கள் ஊரில் ரோபோ என்று பெயர்.
முதல் ரோபோவில் பின்னால் நின்றது.
இரண்டாவதிலும்.
தேவையில்லாமல் இடது பக்கம் திரும்பினேன்,
அதற்கும் அங்கே வேலையிருந்தது.

என் கேட் வந்தது. ரிமோட் மடியில்.
சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது,
மகன் ரசத்தைச் சூடாக்கிக்கொண்டிருப்பான்.
அழுத்தவில்லை.
சொந்த வீட்டை
விலாசம் தெரியாதவள் மாதிரி கடந்து போனேன்.

பங்க்கின் வெளிச்சத்தில் நிறுத்தினேன்.
போலோ வேகம் குறைத்தது. பிறகு போயே போய்விட்டது.
குபேந்திரன் எதுவும் கேட்கவில்லை.
வாளியைக் கொண்டுவந்து
சுத்தமாக இருந்த கண்ணாடியை
நிதானமாகத் துடைத்தார்,
ஸ்டியரிங்குக்கு மேல் விரித்திருந்த என் கை
தானாக இறங்கும் வரை.

என்ன நடந்தது என்று வியாழக்கிழமை கேட்டார்கள்.
ஒன்றும் நடக்கவில்லை.
அரை லிட்டர் பெட்ரோல் செலவு.
வழி தவறிய மாப்பிள்ளையாக இருக்கலாம்,
பீட்சா கொண்டுபோகும் பையனாக இருக்கலாம்.
யாரென்று இறங்கிப் பார்த்துவிடும் ஆசை
எனக்கும் இருந்தது.
தம்பிக்கும் அதே ரத்தம்தான்.

புரட்டாசி வந்தது. கோயில் பந்தி.
கோகிலம் சோற்று வாளியோடு மூன்றாம் முறை வந்தாள்.
கையை விரித்தேன். "வேண்டாம்."
முகத்தில் ஒன்றுமில்லை.
கரண்டியோடு இரண்டடி பின்வாங்கிவிட்டாள்.
பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நன்றாகப் பழகிவிட்டாய்" என்றாள்,
விரல் இடுக்கு வழியாக
ஒரு கரண்டி போட்டுவிட்டுப் போனாள்.