எது மேல்

ரீகாவில் குந்தார்ஸ் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
மேல், கீழ் என்பதில்
இதுவரை சந்தேகமே வந்ததில்லை.

ஒன்பதாம் மாடி பால்கனியில் இன்று
ஒரு பீன்ஸ் விதையை
உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்க்கிறான்:
எந்தப் பக்கம் மேல்?
பாக்கெட்டில் போட்டிருக்கவில்லை.

காலி பெயின்ட் வாளியில் ஏழு விதை.
நாலு நிமிர்த்தி, மூன்று கவிழ்த்து.
எது எங்கே என்று விளிம்பில் சாக்பீஸ் குறி.
மே மாதக் குளிருக்குத்
தன் ஸ்வெட்டரை வாளிக்குப் போர்த்தினான்.
"எனக்கு ஒரு நாள் கொடுத்ததுண்டா?" என்றாள் தைகா.

பன்னிரண்டாம் நாள் ஐந்து,
முதுகு வளைத்து மண்ணை முட்டிக்கொண்டு.
சாக்பீஸை மழை தின்றிருந்தது.

மற்றதைத் தோண்டாதே என்றாள்.
தோண்டிவிட்டான்.
ஒன்று அழுகல்.
இன்னொன்று
அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது.