எந்த வாங்கில்

எமில்டா,
பதில் போடாமலே விட்டிருக்கலாம்.
போனில் சார்ஜ் இல்லை, அம்மாவுக்குச் சுகமில்லை,
மூதூர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.
மூன்று பொய்யும் மடித்து வைத்த உடுப்பைப்போல
அலுமாரியில் தயாராய் இருந்தன.

ஆனாலும் டச்பே கடற்கரைக்கு வரச் சொன்னேன்.
வழமைபோல் நீர் கடலை வாங்கி வந்தீர்,
எனக்குத் தனிச் சுருள்.
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை
மானொன்று நின்று மென்றுகொண்டிருந்தது.

சொன்னேன்:
புதன்கிழமைச் செபம் முடிந்து
கோயில் மதிலோரம் நாங்கள் இருவரும்
பிலோமினாவின் மகள் ஏன் திரும்பி வந்தாள் என்றும்
மூப்பரின் குடிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்றும்
"செபத்தில் வைத்துக்கொள்ளும்" என்ற மூடியால்
மூடி மூடிப் பரிமாறினோமே,
அந்தச் சாப்பாடு எனக்கு இனிச் செமிக்காது.
நீர் மட்டுமில்லை. அரைவாசி என் வாய்.
மார்கழியில் இதையே சொன்னேன். தையிலும்.
நீர் சிரித்தீர், நானும் சிரித்தேன்,
அடுத்த கதையை
நான்தான் தொடங்கினேன்.

உம்மை வெறுக்கவில்லை என்றேன்.
அது பிரசங்கம்போலக் கேட்டது. மறுபடி சொன்னேன்:
டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள்
ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் தலைமயிரைச்
சிக்கெடுத்தவர் நீர்.
அதை எவரிடமும் மறுக்கமாட்டேன்.
உம்மைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவும் மாட்டேன்,
இந்தக் காரணத்தைக்கூட.

நீர் அழவில்லை. பாவாடையில் மண் தட்டினீர்.
"அப்ப ஞாயிறு பூசைக்கு
எந்த வாங்கில இருக்கிறது?" என்றீர்.

இதை நான் யோசித்திருக்கவில்லை.

பவுலும் பர்னபாவும் கடுமையாய்ப் பிணங்கி
வேறு வேறு வழி போனார்களாம்.
துறையில் யார் முதலில் முகம் திருப்பினார் என்று
எழுதிவைக்கவில்லை.

நேற்று உமது இடியப்ப உரலைத் துடைத்து
மகனிடம் கொடுத்தனுப்பினேன்.
மூன்று துளை அடைத்திருந்தது,
ஈர்க்கால் குத்தி எடுத்தேன்.

இன்று பூசையில்
தூணுக்கு அந்தப் பக்கம் நீர்.
ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கச் சொன்னார் சுவாமி.
திரும்பினேன்.
நீரும், கொஞ்சம் பிந்தி.
கை குவித்தோம்.
அது பொய் இல்லை.

வெளியில் மழை.
குடை உம்மிடம்தான் இருந்தது.
கூப்பிடுவீரோ என்று
வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.