ஆணி அடிக்கக் கூடாது

பீபிகுளத்தில் மாடி வீடு.
சாவியோடு சேர்த்து
வீட்டுக்காரர் ஒரே ஒரு விதியும் தந்தார்:
"செவுத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீக டீச்சர்."

சரி என்றேன்.
என் பாடு அவருக்கு எங்கே தெரியும்.
இருபது வருஷமாக என் நகைகள்
பீரோவுக்குள், பட்டுச்சேலை மடிப்புக்குள்,
ஜவுளிக்கடை மஞ்சப்பைக்குள்,
அதற்குள்ளும் ஒரு சுருக்குப்பைக்குள்
மூச்சடக்கிக் கிடந்தவை.
ஒரு சங்கிலியை எடுத்தால்
குடும்பமே கூட வரும்.

பவுன் அதிகமில்லை.
இருப்பதும், ஒன்றைத் தவிர, பேங்க் லாக்கரில்.
மற்றதெல்லாம் கவரிங், கல், பாசி, சுடுமண்,
ஆண்டுவிழா நாடகத்துக்கு வாங்கிய ஒட்டியாணம்.
திருடன் வந்தால் எனக்காக வருத்தப்படுவான்.
இவற்றைப் போய்
யாரிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தேன்?

தெற்காவணி மூல வீதியில்
நகைக்கடைகளுக்குச் சாமான் விற்கும் சந்துக்கடை.
கறுப்பு வெல்வெட் கழுத்து ஒன்று கேட்டேன்.
"எந்தக் கடைக்கு மேடம்?"
"வீட்டுக்கு."
பையன் இன்னொரு தரம் கேட்டான்.
நான் இன்னொரு தரம் சொன்னேன்.
டவுன் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வந்தது
தலையில்லாத கழுத்து.
குனியத் தெரியாது அதற்கு.
பார்த்ததும் பிடித்துப்போனது.

தோடுகளுக்கு இடியாப்பத் தட்டு.
துளைக்கொன்றாய் மாட்டி
ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்தேன்.
காலை வெயில்
மிச்சத் துளைகளில் நுழைந்து
எதிர்ச்சுவரெல்லாம் பொட்டு வைக்கிறது,
ஒரு ஆணிகூட இல்லாமல்.

வளையல்களுக்குப் பூரிக்கட்டை,
இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களின் தோளில்.
பூரி வேண்டுமென்றால் இனிமேல் கடையில்தான்.

கொலுசு கறுக்காமலிருக்க
டப்பாவில் சாக்பீஸ் துண்டுகள்:
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
தேற்றம் முடியுமுன் மணியடித்த மிச்சங்கள்.
ஈரத்தையெல்லாம் அவை குடித்துக்கொள்கின்றன.

பால் பாக்கெட் தர வந்த கீழ்வீட்டுப் பேச்சியக்கா
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"என்ன டீச்சரு, கடை விரிச்சிருக்கீக?
கண்ணு பட்டுரும். எடுத்து உள்ள வைங்க."
சொல்லிக்கொண்டே
பச்சைக்கல் தோட்டைக் காதோரம் பிடித்து
ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள்.
இடப்பக்கம். பிறகு வலப்பக்கம்.
கையில் பால் வியர்த்துக்கொண்டிருந்தது.

"அது என்ன ஒத்தை ஜிமிக்கி?
ஜோடி எங்க?"

சொல்ல மறந்தேன்.
இந்த வீட்டில் ஆணி ஒன்று உண்டு.
முன்னே குடியிருந்தவர்களின் காலண்டர் தொங்கியது,
துருப்பிடித்து, சரியாக என் கண் உயரத்தில்.
விதிக்கு முந்திய ஆணி.
யார் வந்தாலும் முதலில் பார்க்கிற இடம்.
அதில்தான் அது.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
கோரிப்பாளையத்து நெரிசல்.
ஒரு காது லேசாக இருப்பதை
வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.
மணலில் மிதிபட்டிருக்கும்.
இல்லை, எடுத்தவர் யாரோ
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.

"ஒத்தையை வச்சு என்ன பண்ணப் போற?
அழிச்சு, கொஞ்சம் காசு போட்டு
வேற ஒண்ணோட சேத்துரு."
இதே குரலில்
எனக்கும் சில யோசனைகள் வந்ததுண்டு,
ஜாதகத்தோடு.

"அது ஒத்தைதான்க்கா," என்றேன்.

மின்விசிறிக் காற்றில்
ஜிமிக்கி சுவரை இரண்டு தரம் தட்டியது.
பேச்சியக்கா அதையே பார்த்திருந்தாள்.
"நல்லாத்தேன் இருக்கு."
பிறகு, பால் பாக்கெட்டை என் கையில் திணித்து,
"எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு.
ஒத்தைத் தோடு.
அரிசிப்பானைக்குள்ள, பத்து வருசமா.
இன்னொரு ஆணி இருக்கா?"

"இல்லையேக்கா."

அவள் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தாள்
இடியாப்பத் தட்டின்
காலித் துளைகளை.