நாற்பத்தோராவது நொடி

அந்தப் பாட்டில் நாற்பத்தோராவது நொடியில்
ஒருவர் இருமுவார்.
பூபாலன் மூட்லி. என் புருஷன்.

கிரே தெரு மாடியில் பதிவு.
பீன்ஸ் கறி ரொப்பிய கால் ரொட்டிகளைப்
பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப்போனவர்
சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை.
பெயிண்ட் ஃபேக்டரி நெஞ்சு அவருக்கு.
பேஸ் கிட்டார் ஒரு துளி நின்ற இடத்தில்
சரியாக ஒன்று. வறட்டு இருமல்.
டேப் விற்ற விலையில் இன்னொரு தடவை ஏது?
கிடக்கட்டும் என்றுவிட்டான் ஆர்கன்காரன்.

எழுபத்தேழில் டர்பன் முழுக்க அதுதான்.
ஃபீனிக்ஸ் கல்யாணங்களில் பேண்டுகள் வாசிக்கும்போது
அந்த இடம் வந்ததும் டிரம்ஸ்காரன் கடமையாக இருமுவான்.
பந்தியில் இவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

பிறகு யாரோ ஒரு பெர்லின் பையன்
எட்டு நொடியை வெட்டியெடுத்து முடுக்கினான்:
இருமல் மைனாவாகிவிட்டது.
ஜொஹானஸ்பர்க்கில் இன்னொருத்தன் இழுத்து இறக்கினான்:
குளிரில் கிளம்பாத லாரி.
பேஸுக்குப் பணம் கேட்டு வக்கீல் கடிதம் போனது,
ஆர்கனுக்கும்.
இருமலுக்கு யார் கேட்பது?
அவரே அப்போது இல்லை.

நேற்று சாட்ஸ்வொர்த் டாக்ஸியில்
சீட்டுக்கடியில் ஸ்பீக்கர், முழங்கால்வரை அதிர்கிறது.
புதுப் பாட்டு. ஸூலுவில் ஒரு பெண் பாடுகிறாள்.
அவள் மூச்செடுத்த இடைவெளியில்
முடுக்காமல் இழுக்காமல்
அவர்.

"தண்ணி குடிங்க" என்றுவிட்டேன், சத்தமாக.

பக்கத்துப் பள்ளிக்கூடப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.
என் முகத்தைப் பார்த்தாள்.
பையைத் துழாவித் தன் பாட்டிலை நீட்டினாள்.
வாங்கிக் குடித்தேன்.