வலைத்தொப்பி

மாங்கூழ் ஆலையில் முடி என்பது குற்றம்.
உள்ளே நுழையுமுன் வலைத்தொப்பி,
அதற்குமேல் துணித்தொப்பி,
காதோரம் தப்பியதை ஒட்டியெடுக்க
கையில் உருளையோடு நிற்பாள் ஒருத்தி.
ஆனி மாதம். பெங்களூரா ஏற்றிய லாரிகள்
காவேரிப்பட்டணம் ரோடு வரை நிற்கின்றன.
ஷிப்ட் முடிந்து வலையைக் கழற்றினால்
உள்ளே ஒரு குருவிக்கூடு.

முதலில் பார்த்தவர் சூப்பர்வைசர் கோவிந்தப்பா.
"மாதேஸ்வரி, இதுல ஒண்ணு டப்பாவுல போனா
கன்டெய்னரே திரும்பி வரும்மா."
பழம் கழுவும் பக்கம் மாற்றினார்.
கோபமாகச் சொல்லவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.
போர் தண்ணி, என்றார் வீட்டுக்காரர்,
அதே தண்ணியில் குளித்த
அடர்ந்த தலையைத் துவட்டிக்கொண்டே.
கண்ணு பட்டிருக்கு, என்றாள் எதிர்வீட்டு நஞ்சம்மா.
மருந்துக்கடைப் பையன் செல்போனிலிருந்து நிமிராமல்
பத்து மாத்திரை கத்தரித்துக் கொடுத்தான்.
பஸ் ஸ்டாண்டில் மூலிகை எண்ணெய்,
முந்நூற்று எழுபது ரூபாய்.
லேபிளில் முழங்கால்வரை கூந்தலோடு சிரிக்கிறாள் ஒருத்தி,
அவளை எங்கள் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

நான் எண்ண ஆரம்பித்தேன்.
சீப்பில் நூற்றுப் பத்து.
தலையணையில் பதினெட்டு.
குளியலறைச் சல்லடையில் எண்ண முடியாதது.
எண்ணுவதே ஒரு வைத்தியம் போலிருந்தது
சில நாள்.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு,
அறுபத்து மூன்றாம் டோக்கன்.
எனக்கு முன்னால் ஒரு பையன்,
பின்மண்டையில் அஞ்சு ரூபாய்க் காசளவு வழுவழுப்பு.
பக்கத்தில் ஒரு அம்மாள்,
வகிடு மட்டும் வண்டித்தடம்போல அகன்று.
மூவருக்கும் கொட்டுவது முடிதான்.
ஒருவர் சீட்டு இன்னொருவருக்கு ஆகாது.

டாக்டர் ஃபர்ஹீன் என்ன எண்ணெய் என்று கேட்கவில்லை.
ஒரு கொத்தை விரலிடுக்கில் பிடித்து
மெதுவாக இழுத்தார். ஒன்பது வந்தன.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்:
வேரில், அரிசிக் குருணையைவிடச் சின்னதாய்
ஒரு வெள்ளைத் துளி.
"இது ஒடிஞ்ச முடி இல்ல. தானா கிளம்பி வந்தது.
மூணு மாசம் முன்னாடி என்ன ஆச்சு?"

ஒண்ணுமில்லை, என்றேன்.
"காய்ச்சல்? ஆபரேஷன்?"
ஒண்ணுமில்லை.
அவர் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்.
கதவுக்கு வெளியே அறுபத்து நாலு இருமியது.

பங்குனி.
சீசன் தொடங்காத ஆலையில்
காலி டப்பாக்களை எண்ணும் வேலை.
பதினோரு வாரம். பார்த்தால் தெரியாத வயிறு.
ஆலைக் கழிப்பறையில் தொடங்கியது
ராத்திரி ஆஸ்பத்திரியில் முடிந்தது.
மூன்றாம் நாள் மறுபடி டப்பா எண்ணப் போய்விட்டேன்.
ரத்தம் எவ்வளவு போனதென்று யாரும் கேட்கவில்லை.
பெயர் வைக்கும் நாள் வராததால்
வீட்டில் அதைப் பேச
ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

தலை குறித்து வைத்திருக்கிறது.
மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து
வலைத்தொப்பிக்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

டாக்டர் கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தார்.
பிறகு எழுதினார்: ஹீமோகுளோபின்,
உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பு, தைராய்டு.
"அதனாலதான்னு நினைக்கிறேன்.
நினைச்சா மட்டும் போதாது.
ரத்தத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."
இத்தனை பேரில்
இன்னும் தெரியாது என்று சொன்னவர்
அவர் ஒருவர்தான்.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன்:
"டாக்டரம்மா பங்குனி மாசத்தைக் கேட்டாங்க."
துவட்டிய துண்டு நின்றது.
நெடுநேரம் கழித்து,
"நீ என்ன சொன்ன?" என்றார்.

மிச்ச எண்ணெயைக் கதவுக் கீலில் ஊற்றினேன்.
நல்ல எண்ணெய்தான்,
இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது.
ரிசல்ட் வியாழக்கிழமை.